ரீசெட் செய்த ஸ்விட்ச் ஏன் எழுந்திருக்கவில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணி இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. மாடிப்படிக்குக் கீழே சுவரில் அடித்திருந்த சின்ன ரேக்கில் நெட்வொர்க் ஸ்விட்சை (கம்ப்யூட்டர், கேமரா எல்லாவற்றையும் கேபிளால் இணைக்கும் பெட்டி) ஏற்றி, திருகுகளை முடுக்கி, பவர் கார்டைச் செருகினேன். உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. சரி, இரண்டு மூன்று நிமிடத்தில் எழுந்துவிடும் என்று பேட்ச் கார்டுகளை ஒவ்வொன்றாக மாட்ட ஆரம்பித்தேன். கடைசி கார்டையும் மாட்டிவிட்டு நிமிர்ந்தால் ஒரு போர்ட்டிலும் விளக்கு இல்லை. லேப்டாப்பை நேராகச் சொருகிப் பார்த்தேன். கேபிளே செருகவில்லை என்றது.

பவரைப் பிடுங்கிச் செருகினேன். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். அதே கதைதான்.

பின்னால் நின்றிருந்த மேனேஜர், "ஏனுங்க, பழசுன்னு சொன்னீங்களே, அதனால இருக்குமுங்களா?" என்றார். குரலில் குத்தல் ஏதும் இல்லை. அது இன்னும் உறுத்தியது. முந்தின நாள் இரவு பதினொரு மணி வரை இதே ஸ்விட்ச் கோவையில் என் வீட்டு மேசையில் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது என்று அவரிடம் எப்படிச் சொல்வது? திங்கள் காலை எட்டரைக்கு ஷிஃப்ட். அலுவலகம், கேமரா, பேக்கிங்கில் இருக்கும் பார்கோடு பிரிண்டர்கள் எல்லாம் இந்த ஒரு ஸ்விட்சை நம்பித்தான்.

முந்தின நாள் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கோ ஒரு அலுவலகத்தைக் காலி செய்தபோது வந்த மூன்று சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்சுகளைப் பழைய சாமான் வியாபாரி ஒருவரிடம் வாங்கியிருந்தேன். 24 போர்ட். "எல்லாம் ரீசெட் பண்ணினதுங்க" என்றார். வேறொன்றுக்குப் பவர் கொடுத்துக் கன்சோலில் (தனிக் கேபிள் மாட்டி ஸ்விட்சோடு நேராகப் பேசும் வழி) பார்த்தால் பாஸ்வேர்டு கேட்டது, இதுவும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டேன். இதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. பழைய சாமான் சந்தையில் ரீசெட் என்றால் பெரும்பாலும் துணியால் துடைத்து வைத்தது என்றுதான் அர்த்தம்.

வீட்டு ரூட்டரில் இருப்பதுபோல ஊசி விட்டு அழுத்தும் ஓட்டை 2960-இல் கிடையாது. முன்பக்கம் இடது ஓரத்தில் மோட் என்று ஒரு பட்டன் இருக்கிறது. பவரை எடுத்துவிட்டு, ஒரு கையால் அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே இன்னொரு கையைப் பின்பக்கம் கொண்டுபோய் கார்டைச் செருக வேண்டும். கை நீளம் போதாதவர்கள் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள்வது நல்லது. சிஸ்ட் என்று எழுதிய விளக்கு ஒரு கணம் ஆரஞ்சாகி, பிறகு நிலையான பச்சைக்கு வந்ததும் பட்டனை விடலாம். கன்சோல் திரையில் ‘ஸ்விட்ச்:’ என்று மட்டும் ஒரு வரி வந்து நிற்கும். இது பூட்லோடர், இயங்குதளத்தை ஏற்றிவிடும் சின்ன நிரல். ஸ்விட்சின் இயங்குதளமான சிஸ்கோ ஐ.ஓ.எஸ் இன்னும் எழவில்லை.

அங்கே ‘ஃபிளாஷ்_இனிட்’ என்று அடித்தேன். இரண்டு சொல்லுக்கும் நடுவில் இடைவெளி இல்லை, அடிக்கோடு. அடித்த பிறகுதான் ஃபிளாஷில் (பவர் போனாலும் அழியாத சேமிப்பு நினைவகம்) உள்ள கோப்புகள் கண்ணுக்குத் தெரியும். ‘டிர் ஃபிளாஷ்:’ போட்டுப் பார்த்தேன். கான்ஃபிக்.டெக்ஸ்ட் இருந்தது, விலான்.டேட் இருந்தது, ஐ.ஓ.எஸ் கோப்பு இருந்தது. முதல் இரண்டையும் அழித்தேன். பிறகு ‘பூட்’ என்று அடித்து என்டர் தட்டினேன். திரையில் @@@@@@ என்று வரிசையாக ஓடியது. சிஸ்கோவில் வேலை பார்த்தவர்களுக்கு அந்த வரிசையைப் பார்த்தாலே பாதி நிம்மதி. ஆரம்ப அமைப்புக் கேள்விகளுக்குள் போகலாமா என்று கேட்டது, ‘நோ’ என்றேன். காலி ஸ்விட்ச். வீலான்கள் (ஒரே ஸ்விட்சுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்குகள்), பாஸ்வேர்டு, போர்ட்டுகள் எல்லாம் போட்டு, ‘ரைட் மெமரி’ கொடுத்துச் சேமித்து, இரண்டு லேப்டாப்பை மாட்டி ஒன்றுக்கொன்று பேசுகிறதா என்று பிங் பார்த்து, துண்டைச் சுற்றிப் பையில் வைத்துவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் திருப்பூருக்குப் போகிற பஸ்ஸில் கன்சோல் கேபிள் என் பையில் இல்லை. வேலைதான் முடிந்ததே, இனி நெட்வொர்க் வழியாகவே உள்ளே போகும் எஸ்.எஸ்.ஹெச் போதும் என்ற நினைப்பு.

இங்கே இருந்து கோவை 50 கிலோமீட்டர். போய்த் திரும்பினால் அரை நாள் போய்விடும். மேனேஜர்தான் யோசித்து, கம்பெனியில் இதற்கு முன் இருந்த ஸ்விட்ச் வந்த அட்டைப்பெட்டி ஸ்டோரில் கிடக்கும் என்றார். கோன் நூல் பெட்டிகளுக்கு அடியிலிருந்து அது வந்தது. உள்ளே கவர்கூடப் பிரிக்காமல் இளநீல நிறத்தில் தட்டையான கன்சோல் கேபிள். எட்டு வருடமாக யாரும் தொடவில்லை போல. ஒரு முனை நெட்வொர்க் பிளக், மறுமுனை ஒன்பது பின் சீரியல். என் லேப்டாப்பில் சீரியல் போர்ட் கிடையாது. யு.எஸ்.பி மாற்றி வீட்டில்.

சீரியல் போர்ட் இருக்கும் கம்ப்யூட்டர் இந்தக் காலத்தில் எங்கே கிடைக்கும்? தராசுப் பக்கத்தில். டையிங்கிலிருந்து வரும் துணி ரோல்களை எடை போடும் இடத்தில் ஒரு பழைய டெஸ்க்டாப் இருந்தது. எலக்ட்ரானிக் தராசு அதன் முதுகில் உள்ள சீரியல் போர்ட்டில்தான் மாட்டியிருந்தது. தராசுக் கேபிளைக் கழற்றி, சி.பி.யூ.வையும் மானிட்டரையும் ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்கு அடியில் வந்தோம். அந்தக் கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. கன்சோலோடு பேச உதவும் ஹைப்பர் டெர்மினல் அதில் கிடையாது. அதே வேலையைச் செய்யும் புட்டி என்ற மென்பொருளைச் செல்போனில் இறக்கி, யு.எஸ்.பி கேபிள் வழியாக ஏற்றினேன். 2960-இல் கன்சோல் போர்ட் முதுகுப் பக்கம் இருப்பதால் மாட்டிய திருகுகளை எல்லாம் மறுபடியும் கழற்ற வேண்டியிருந்தது. ரேக்கில் ஏற்றுவதற்கு முன்பே ஒரு கன்சோல் கேபிளைப் பின்னால் மாட்டி, நுனியை முன்பக்கம் தொங்கவிட்டு வைப்பது அன்றைக்கு வந்த பழக்கம்.

வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். திரை கறுப்பாக இருந்தது. என்டர் தட்டினேன்.

‘ஸ்விட்ச்:’

நான் எந்தப் பட்டனையும் தொடவில்லை. அதுவாகவே பூட்லோடரில் வந்து நிற்கிறது. பவரை எடுத்துக் கொடுத்து, இந்த முறை திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்த்தேன். தானாக பூட் ஆகும்படி இந்த சிஸ்டம் அமைக்கப்படவில்லை, இயங்குதளத்தை ஏற்ற ‘பூட்’ என்ற கட்டளையைக் கொடுக்கவும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. ஒன்பதரையிலிருந்து அது இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. கேட்க ஆள் இல்லை.

‘செட்’ என்று வெறுமனே அடித்தால் பூட்லோடர் தன்னிடம் உள்ள மாறிகளை (பெயர் வைத்துச் சேமித்த மதிப்புகள்) எல்லாம் பட்டியல் போடும். அதில் மேனுவல்_பூட் என்பதற்கு நேராக ‘எஸ்’ என்று இருந்தது. இதை முன்பு வைத்திருந்தவர் எதற்காகவோ கைமுறை பூட் என்று போட்டு வைத்திருக்கிறார். லேபில் வைத்துப் படித்தவராக இருக்கலாம்.

முந்தின நாள் இரவு எனக்கு இது ஏன் தெரியவில்லை என்பதை அங்கேயே தரையில் உட்கார்ந்து யோசித்தேன். மோட் பட்டனை நான் அழுத்தியதால்தான் அது பூட்லோடரில் நின்றது என்று நினைத்துக்கொண்டேன். அழுத்தாமல் விட்டிருந்தாலும் அங்கேதான் நின்றிருக்கும். அப்புறம் ‘பூட்’ என்று கையால் அடித்தவன் நான். அது தானாக எழுந்ததே இல்லை, நான்தான் எழுப்பிவிட்டேன். கான்ஃபிக் போட்ட பிறகு ஒருமுறை, ஒரே ஒருமுறை, கார்டைப் பிடுங்கிச் செருகியிருந்தால் வீட்டிலேயே தெரிந்திருக்கும்.

சரிசெய்வது ஒரு நிமிட வேலை. ‘செட் மேனுவல்_பூட் நோ’, பிறகு ‘பூட்’. மாறியின் பெயரைப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும், பூட்லோடர் இதில் கறார். ஐ.ஓ.எஸ் ஏறியதும் உள்ளே போய் ‘நோ பூட் மேனுவல்’ என்றும் ஒருமுறை கொடுத்துவிட்டு, ‘ஷோ பூட்’ போட்டுப் பார்த்தேன். மேனுவல் பூட் என்ற வரியில் ‘நோ’. என் கான்ஃபிக் அப்படியே இருந்தது, ஒன்றும் போகவில்லை. அதற்குப் பிறகு மூன்று தடவை பவரைப் பிடுங்கிச் செருகினேன். மூன்று தடவையும் தானாக எழுந்தது. "போதுமுங்க, அதையும் கெடுத்துப் போடாதீங்க" என்றார் மேனேஜர்.

திங்கள் காலை ஒன்பது மணிக்கு அவரிடமிருந்து போன். நெஞ்சு திக்கென்றது. "ஸ்விட்ச் ஜோரா ஓடுதுங்க. தராசுதானுங்க எடை காட்ட மாட்டேங்குது." சி.பி.யூ.வைத் திரும்பக் கொண்டுபோய் வைத்தவன், தராசுக் கேபிளை மாட்டாமல் வந்துவிட்டேன்.

இந்தக் குழப்பம் எல்லாம் எங்கிருந்து வருகிறது என்றால், ‘ஃபேக்டரி நிலை’ என்று நாம் ஒரே பெயரில் கூப்பிடுவது ஸ்விட்சுக்குள் ஒரே இடத்தில் இல்லை. 2960-இல் ஸ்டார்ட்அப் கான்ஃபிக் என்பது உண்மையில் ஃபிளாஷில் கிடக்கும் கான்ஃபிக்.டெக்ஸ்ட் என்ற கோப்பு. ‘ரைட் இரேஸ்’ அடித்தால் போவது அது. வீலான் பட்டியல் விலான்.டேட் என்ற தனிக் கோப்பு. ‘ரைட் இரேஸ்’ அதைத் தொடாது. பூட் மாறிகளோ ஃபிளாஷில்தான் இருந்தாலும் கோப்புகளின் அமைப்புக்கு வெளியே தனியாக உட்கார்ந்திருக்கின்றன. ‘டிர்’ போட்டால் தெரியாது, கோப்புகளை அழித்தாலும் போகாது. எஸ்.டி.எம் டெம்ப்ளேட் என்று இன்னொன்று, ஸ்விட்சின் நினைவகத்தை எதற்கு எவ்வளவு பங்கு போடுவது என்பது. அதுவும் கான்ஃபிகை அழித்த பிறகு அப்படியே நிற்கும். வாடகை வீட்டைக் காலி செய்து, வெள்ளையடித்து, பூட்டை மாற்றினாலும் கரண்ட் பில் பழைய குடித்தனக்காரர் பெயரிலேயே வந்துகொண்டிருக்கும் இல்லையா, அந்த மாதிரி.

அடுத்த வாரம் மீதி இரண்டையும் எடுத்தேன். இம்முறை முதல் வேலையே ‘செட்’.

இரண்டாவது ஸ்விட்சில் அந்தப் பட்டியலைப் பார்க்காமல் இருந்திருந்தால் ஒரு நாள் முழுக்கத் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பேன். அதில் கான்ஃபிக்_ஃபைல் என்ற மாறி வேறொரு கோப்பின் பெயரைக் காட்டிக்கொண்டிருந்தது. அதாவது, கான்ஃபிகைப் படிப்பதும் எழுதுவதும் வழக்கமான கான்ஃபிக்.டெக்ஸ்டில் இல்லை, அந்த வேறு கோப்பில். பாஸ்வேர்டு மறந்தவர்களுக்கு எல்லோரும் சொல்லிக்கொடுக்கும் வைத்தியம், கான்ஃபிக்.டெக்ஸ்டின் பெயரை மாற்றிவிட்டு பூட் செய்வது. இதில் அதைச் செய்தால் ஸ்விட்ச் நிதானமாக எழுந்து அதே பழைய பாஸ்வேர்டைக் கேட்கும். நாம் என்ன தப்பு செய்தோம் என்று திரும்பத் திரும்ப மோட் பட்டனை அழுத்திக்கொண்டிருப்போம். ‘அன்செட் கான்ஃபிக்_ஃபைல்’ என்று அடித்ததும் மாறி காலியானது, அந்தக் கோப்பையும் அழித்தேன், முடிந்தது.

மூன்றாவது வேறு ரகம். மோட் பட்டனை அழுத்தி எழுப்பியதும் பூட்லோடருக்குள் விடாமல், பாஸ்வேர்டு மீட்பு வசதி இதில் முடக்கப்பட்டிருக்கிறது, ஸ்விட்சை ஆரம்ப நிலைக்குத் திருப்பச் சம்மதித்தால் உள்ளே விடுகிறேன், சம்மதமா என்று கேட்டது. முந்தின நிர்வாகி கவனமானவர். ‘நோ சர்வீஸ் பாஸ்வேர்டு-ரெகவரி’ என்று கொடுத்து வைத்திருந்திருக்கிறார். பழைய கான்ஃபிக் தேவைப்படுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பெரிய இடி, ஏனென்றால் ‘ஒய்’ என்றால் கான்ஃபிக்கும் வீலான் பட்டியலும் போய்விடும். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. ‘ஒய்’ தட்டிவிட்டு, உள்ளே போனதும் வழக்கம்போல ‘செட்’. இதில் மாறிகள் ஒழுங்காக இருந்தன.

பாஸ்வேர்டு தெரிந்த ஸ்விட்ச் என்றால் பட்டனோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, ஐ.ஓ.எஸ்ஸிலிருந்தே எல்லாம் நடக்கும். முதலில் பூட் விஷயங்கள்: கான்ஃபிக் முறைக்குள் போய் ‘நோ பூட் மேனுவல்’, ‘நோ பூட் கான்ஃபிக்-ஃபைல்’, ‘நோ பூட் சிஸ்டம்’. இந்த வரிசையைக் கவனித்துக்கொள்ளுங்கள், கான்ஃபிக்-ஃபைல் மாறியைச் சரிசெய்துவிட்டு அழித்தால்தான் எந்தக் கோப்பை அழிக்கிறோம் என்பதில் சந்தேகம் இருக்காது. பிறகு ‘ரைட் இரேஸ்’, ‘டெலிட் ஃபிளாஷ்:விலான்.டேட்’, கடைசியாக ‘ரீலோட்’. ரீலோட் கொடுக்கும்போது சில சமயம் கான்ஃபிக் மாறியிருக்கிறது, சேமிக்கவா என்று கேட்கும். இங்கேதான் கை தானாக ‘எஸ்’ அடிக்கும். வருடக்கணக்கில் சேமித்துச் சேமித்துப் பழகிய கை. ‘எஸ்’ என்றால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய கான்ஃபிக் மறுபடியும் எழுதப்பட்டு, நீங்கள் அழித்தது எல்லாம் வீண். ‘நோ’தான் பதில்.

ஸ்விட்ச் ஓடிக்கொண்டிருக்கும்போதே மோட் பட்டனைப் பத்து நொடி அழுத்திப் பிடிக்கும் குறுக்கு வழியும் உண்டு. இரண்டு நொடியில் விளக்குகள் சிமிட்ட ஆரம்பிக்கும், விடாமல் பிடித்தால் சிமிட்டல் நின்று, கான்ஃபிக் அழிந்து, ஸ்விட்ச் திரும்ப எழும். அவசரத்துக்கு நல்ல வழிதான். ஆனால் அதோடு நான் நிறுத்துவதில்லை, ‘ஷோ பூட்’ பார்த்துவிட்டுத்தான் மூடியை மூடுவேன். இன்னொரு பக்கமும் உண்டு. கை படும் உயரத்தில், திறந்த ரேக்கில் இருக்கும் ஸ்விட்சில் இந்தப் பட்டன் ஆபத்து. ‘நோ செட்அப் எக்ஸ்பிரஸ்’ என்று கொடுத்தால் இந்த வழி அடைபடும். பனியன் கம்பெனி ரேக்குக்குக் கதவு கிடையாது. அங்கே அடைத்துவிட்டேன்.

பூட் என்ற மாறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த ஐ.ஓ.எஸ் கோப்பை ஏற்ற வேண்டும் என்பதை வைத்திருப்பது அதுதான். அது காலியாக இருந்தால் பூட்லோடர் ஃபிளாஷ் முழுவதும் தேடும். ஒரு அடைவை (ஃபோல்டர்) கண்டால் அதற்குள்ளே முழுக்க இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வரும். அப்படித் தேடும்போது முதலில் கிடைக்கும் இயங்கக்கூடிய கோப்பை எடுத்து ஏற்றிவிடும். ஃபிளாஷில் ஒரே ஒரு ஐ.ஓ.எஸ்தான் என்றால் கவலையில்லை. யாராவது புதியதை ஏற்றிவிட்டுப் பழையதை அழிக்காமல் விட்டிருந்தால் எது முதலில் கண்ணில் படும் என்பது அதிர்ஷ்டம். அதனால் சுத்தமான ஃபேக்டரி நிலை என்பதில் எனக்குப் பெரிய பக்தி இல்லை. விற்கப் போகிற ஸ்விட்ச் என்றால் காலியாக விடுவேன். வாடிக்கையாளரிடம் போகிறது என்றால் ‘பூட் சிஸ்டம்’ கொடுத்துக் கோப்பின் பெயரை எழுத்துக்கு எழுத்து எழுதிவிடுவேன்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகத் துடைக்கிறேன் என்று ‘ஃபார்மட் ஃபிளாஷ்:’ மட்டும் அடித்துவிடாதீர்கள். கான்ஃபிக்கோடு ஐ.ஓ.எஸ்ஸும் போய்விடும். பிறகு கன்சோல் கேபிள் வழியாக எக்ஸ்மோடம் என்ற பழைய கோப்பு அனுப்பும் முறையில் ஏற்ற வேண்டும். 9600 வேகத்தில் நொடிக்கு 960 பைட்தான் போகும். ஒரு கோடி பைட் அளவுள்ள கோப்பு ஏற ஏறக்குறைய மூன்று மணி நேரம், அதுவும் நடுவில் எதுவும் தடங்கல் இல்லாமல். ‘செட் பாட் 115200’ என்று பூட்லோடரில் வேகத்தைக் கூட்டிக்கொண்டால் கால் மணி நேரத்தில் முடியும். ஆனால் அதுவும் ஒரு மாறி! வேலை முடிந்ததும் ‘அன்செட் பாட்’ கொடுக்காவிட்டால், அடுத்து வருபவர் 9600-இல் கேபிளை மாட்டிப் பார்க்கும்போது திரையில் கோழி கிளறியது போல ஏதேதோ எழுத்துகள் வரும். அவர் கேபிள் கெட்டுவிட்டது என்று புதுக் கேபிள் வாங்குவார்.

விலான்.டேட்டை விட்டுவைப்பதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. அதில் வீலான் பட்டியலோடு வி.டி.பி.யின் டொமைன் பெயரும் (எந்த ஸ்விட்சுக் குழு என்பது) திருத்த எண்ணும் இருக்கின்றன. வி.டி.பி என்பது ஒரு ஸ்விட்சில் செய்த வீலான் மாற்றத்தை மற்ற ஸ்விட்சுகளுக்குப் பரப்பும் ஏற்பாடு. யாருடைய திருத்த எண் பெரியதோ அவருடைய பட்டியல்தான் செல்லும். முதல் இரண்டு பதிப்புகளில் இதற்கு வேறு கேள்வி முறை இல்லை. ஒரு கம்பெனியின் மூலையில் கழற்றி வைத்த பழைய ஸ்விட்ச், அதே டொமைன் பெயரோடும் அதே பாஸ்வேர்டோடும் பெரிய எண்ணோடும் இருந்தால், அதை ட்ரங்க் போர்ட்டில் (ஸ்விட்சுகளுக்கு நடுவே பல வீலான்களைச் சுமக்கும் இணைப்பு) மாட்டிய கணத்தில் மற்ற ஸ்விட்சுகளும் அதன் பழைய பட்டியலை ஏற்றுக்கொண்டு, இப்போதைய வீலான்களை அழித்துவிடும். கான்ஃபிகை அழித்தாயிற்று, காலி ஸ்விட்ச்தானே என்று நினைத்து மாட்டுவதில்தான் கண்ணி இருக்கிறது. விலான்.டேட்டை அழித்தால் எண் பூஜ்யத்துக்கு வந்துவிடும். அழிக்க மனமில்லாதவர்கள் வி.டி.பி பட்டியலை ஏற்காத டிரான்ஸ்பேரன்ட் முறைக்கு மாற்றினாலும் எண் பூஜ்யம் ஆகும்.

அப்புறம், கோப்புகளை அழிப்பதற்கு முன் உள்ளே இருப்பதைக் காட்டும் ‘மோர்’ கட்டளை போட்டு ஒருமுறை பார்த்தேன், ஆர்வக்கோளாறு. இரண்டாவது ஸ்விட்சின் கான்ஃபிகில் முந்தின கம்பெனியின் துறைப் பெயர்கள் எல்லாம் வீலான் பெயராக இருந்தன. ஸ்விட்சைத் தூரத்திலிருந்து கண்காணிக்கும் எஸ்.என்.எம்.பி.யின் ரகசியச் சொல் மறைக்காமல் அப்படியே இருந்தது. போர்ட் விளக்கங்களில் யார் மேசைக்கு எந்தக் கேபிள் போகிறது என்பது வரைக்கும் எழுதியிருந்தார்கள். மேற்கொண்டு படிக்க எனக்கே கூச்சமாகிவிட்டது. அழித்தேன். பனியன் கம்பெனியில் கழற்றிய பழைய ஸ்விட்சை ஆக்கருக்குப் போட வைத்திருந்தார்கள். அதை வாங்கிவந்து எல்லாவற்றையும் துடைத்துவிட்டு, கார்டைப் பிடுங்கிச் செருகிச் சரிபார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தேன். அதற்குக் காசு கேட்கவில்லை. தராசு விஷயத்தில் பட்ட கடன்.

புதிய கேட்டலிஸ்ட் 9200, 9300 வரிசைகளில் இந்தப் பிரிவுகளை அவர்களே தனித்தனியாகச் சொல்லிவிட்டார்கள். ‘ஃபேக்டரி-ரீசெட்’ என்று ஒரே கட்டளை. அதற்குப் பின்னால் ‘கான்ஃபிக்’ என்றால் அமைப்பு, ‘பூட்-வார்ஸ்’ என்றால் நாம் சேர்த்த பூட் மாறிகள், ‘ஆல்’ என்றால் எல்லாமும். ‘ஆல்’ கொடுக்கும் முன் ஐ.ஓ.எஸ் கோப்பின் நகல் ஒன்று கையில் இருக்கட்டும், அதையும் அது அழிக்கக்கூடும். ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் இது சும்மா சொல்லும் எச்சரிக்கை இல்லை, யு.பி.எஸ்ஸில் மாட்டிவிட்டுச் செய்யுங்கள்.

இந்த வரிசையில் பாஸ்வேர்டு மறந்தால் கோப்பின் பெயரை மாற்றும் வேலை கிடையாது. பூட்லோடரில் ஸ்விட்ச்_இக்னோர்_ஸ்டார்ட்அப்_சி.எஃப்.ஜி என்ற மாறிக்கு 1 என்று கொடுத்தால் கான்ஃபிகைப் பார்க்காமலே பூட் ஆகும். உள்ளே போய் பாஸ்வேர்டை மாற்றிய பிறகு அதை 0 ஆக்க வேண்டும். போன மாதம் ஈரோட்டிலிருந்து நண்பன் ஒருவன் போன் செய்தான். "டேய், ரைட் மெமரி கொடுக்கறேன், ஓகேன்னு வருது. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா மறுபடி காலியா நிக்குது. ஃபிளாஷ் போயிருச்சுன்னு புதுசு வாங்கச் சொல்லட்டுமா?" என்றான். பூட்லோடருக்குப் போய் ‘செட்’ அடித்து, இக்னோர் என்று வரும் வரியை மட்டும் படி என்றேன்.

"ஒன்னு" என்றான்.